குடும்பத்தோடு ஒரு சுற்று

— அவர் என்ன கேட்டாலும் பதில் நான் சொல்லிக்கிறேன். நீ பேசாம நில்லு, அது போதும்.

— பேசாம நிக்கிறதுக்கு நான் எதுக்குங்க? வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கலாமே.

— வீட்டு ஆளு ஒருத்தர் கூட வந்தாத்தான் இந்த லாயத்துல கதவே தொறப்பாங்களாம். மரக்கடைக்காரர் சொன்னாரு. குதிரை வியாபாரி ஒரு மாதிரி கெழவனாம்.

— அவர்கிட்ட உண்மையச் சொல்லிட்டா என்னங்க?

— என்னன்னு சொல்லச் சொல்ற? எறக்கத்துல வண்டி பின்னால வந்து முட்டினா இதுக்குக் கண்ணு மண்ணு தெரியாது, வண்டியோட புடுங்கிகிட்டு ஓடும், ஏற்கெனவே என் தம்பிய கொன்னிருக்குன்னு சொல்லவா? சொன்னா வாங்கிக்குவாரா?

— மாட்டாரு.

— அப்புறம் தோல்காரனுக்குத்தான் குடுக்கணும். அவன் குடுக்கிறதுல ஒரு கழுதை வாலக்கூட வாங்க முடியாது. வண்டி ஓடாம நின்னா நம்ம வீடு, தம்பி வீடு, ரெண்டு அடுப்பும் அணைஞ்சிரும்.

— அது எனக்குத் தெரியாதா? ஆனா இத யாரோ ஒருத்தர் வாங்கப் போறாங்கல்ல. அவங்க வீட்டுலயும் ஒரு தம்பி இருப்பான்ல.

— பிரேக் கட்டை ஒடிஞ்ச நாள் வரைக்கும் இது எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். யாரு வந்து நின்னாலும் தோள்ல மூஞ்சிய வச்சு ஒரசும்.

— அது அப்போங்க. கட்டை ஒடிஞ்சு, பாரத்தோட வண்டி மொத்தமும் பின்னங்காலுல ஏறுச்சே, அன்னைக்கே அந்தக் குதிரை போயிடுச்சு. இது வேற.

— சத்தம் போடாத. வர்றாரு.

— வாங்க, வாங்க. நெலையில தல இடிக்கும், குனிஞ்சு வாங்க. வண்டிக்காரரு நீங்க, வீட்டம்மா இவங்க, குதிரை இது. சரிதானே? சில பேரு மொகத்தப் பாத்தா யாரு யார விக்க வந்திருக்காங்கன்னே கண்டுபிடிக்க முடியாது.

— இதுதாங்க பெரியவரே. செவலைன்னு கூப்பிடுவோம்.

— வாடா செவலை. வாயத் தொற ராசா. தானமா வந்த மாட்டத்தான் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாது. மாத்திக்க வந்த குதிரைய தொண்டை வரைக்கும் பாக்கணும். பத்து வயசு முடிஞ்சிருக்கு. நான் சொல்லல, குதிரை சொல்லுது.

— பதினொண்ணு நடக்குதுங்க.

— கண்ணு தெளிவு. மூச்சு சுத்தம். குளம்புல வெடிப்பு இல்ல. லாடம் புதுசா இருக்கே, இங்க வர்றதுக்குன்னு அடிச்சதா?

— தேஞ்சு போயிருந்துச்சு, அதான்.

— மாப்பிள்ளைக்குப் புதுச் செருப்பு, தப்பில்ல. ஆமா, பின்னங்கால் ரெண்டுலயும் என்ன தழும்பு? முட்டிக்குக் கீழ, ரெண்டும் ஒரே உயரத்துல.

— குட்டியா இருக்கும்போது வேலியில மாட்டிகிச்சு.

— வேலி அளவெடுத்து வச்சா கிழிச்சுது? கெட்டிக்காரத் தச்சன் அடிச்ச வேலி போலருக்கு. ஏம்மா, வேலிதானா?

— அவருக்குத்தாங்க தெரியும்.

— சரி. ஆறிப்போன காயத்த நோண்டி யாருக்கு என்ன லாபம். இப்படி வாங்க, தண்ணித் தொட்டியத் தாண்டி, தகரக் கொட்டகைக்குள்ள. இதோ நிக்கிறாரு பாருங்க நம்ம ஆளு. சாம்பல். இது குதிரை இல்ல, பசு மாடு. காதுகிட்ட தகரத்தத் தட்டினாலும் மென்னுகிட்டுத்தான் நிக்கும். ஏன்னா அந்தக் காது கேக்காது.

— கேக்காதா?

— இடது காது. சின்னதுல கட்டி வந்து அடைச்சுப் போச்சு. அதனால அந்தப் பக்கமா போய் சட்டுனு தொடாதீங்க, கண்ணுல படுற மாதிரி முன்னாலருந்து போங்க. மத்தபடி எறக்கம், ஏத்தம், லாரி, நாய், எதுக்கும் அசையாது.

— இத எதுக்குங்க சொல்றீங்க? நாங்க கேக்கவே இல்லியே.

— கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றது போலீஸ் ஸ்டேஷன்ல அம்மா. வியாபாரத்துல கேக்காததையும் சொல்லணும். துணிக்கடைக்காரன் பொய் சொன்னா சாயம் போகும். குதிரைக்காரன் பொய் சொன்னா உயிர் போகும். அவ்வளவுதான் வித்தியாசம். சரி, எங்க ஆளு குறையச் சொல்லிட்டேன். உங்க ஆளுக்கு என்ன குறை?

— ஒண்ணுமில்லங்க.

— ஒண்ணுமே இல்லாத குதிரைய எதுக்கு மாத்துறீங்க?

— கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. எனக்கு இடுப்பு வலி, முன்ன மாதிரி இழுத்துப் புடிக்க முடியல. அமைதியா ஒண்ணு இருந்தா தேவலாம்னு பாத்தேன்.

— வீட்டுல வேற யாரும் ஓட்ட மாட்டாங்களா?

— தம்பி ஓட்டினான்.

— ஓட்டினானா?

— போன மழைக்காலத்துல தவறிட்டான். பாலத்து எறக்கம். ரோடு ஈரமா இருந்துச்சு, வண்டி சறுக்கிடுச்சு.

— அடடா. பூட்டியிருந்தது இந்தச் செவலையா?

— குதிரை மேல தப்பில்லங்க. ரோடு ஈரம்.

— ம். குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்னு ஊர்ல எல்லாரும் குதிரையத்தான் திட்டுவாங்க. நீங்க ஒருத்தருதான் ரோட்டத் திட்டுறீங்க. ஏம்மா, உங்க மொகத்துல ரத்தமே இல்லியே. தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாங்க.

— அப்ப செவலைய உங்க வண்டியிலயே பூட்டி முற்றத்துக்குக் கொண்டாங்க. இங்க ஒரு பழக்கம் இருக்கு. சத்தியம் பண்றது, எழுதிக் குடுக்கிறது, அதெல்லாம் எனக்கு ஒத்து வராது. குதிரைய குடுக்கிறவரு தன் வீட்டு ஆளப் பக்கத்துல உக்கார வச்சுகிட்டு என் கண்ணு முன்னால ஒரு சுத்து வரணும். வந்துட்டா அப்புறம் குதிரையப் பத்தி மறுகேள்வி கெடையாது.

— ஒரு சுத்துல என்னங்க தெரியும்?

— குதிரையப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. ஆளப் பத்தித் தெரியும். மனுஷன் தனியா நின்னா எவ்வளவு பொய் வேணா சொல்லுவான், பொண்டாட்டி பிள்ளைய ஏத்தி வச்சுகிட்டுச் சொல்ல மாட்டான். பாதிச் சுத்துல வண்டிய நிறுத்திட்டு, பெரியவரே ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்னு தலையச் சொறிஞ்சுகிட்டு வந்தவங்கள நான் பாத்திருக்கேன். வாங்குறவங்களும் இந்தச் சுத்தப் பாத்துத்தான் வாங்குறாங்க. இப்பகூட பின்கட்டுல ஒரு கிராக்கி காத்துகிட்டிருக்கு. வானம் வேற கறுத்துகிட்டு வருது, சட்டுனு பூட்டுங்க. நான் திண்டு மேல உக்காந்துக்குறேன்.

— ஏறு.

— நான் ஏற மாட்டேன்.

— அவரு பாக்குறாரு. ஏறு.

— முற்றம் பூரா பலகை மாதிரி சமமா இருக்கு. இதுவும் மரக்கடைக்காரர் சொன்னதா?

— ஆமா.

— அப்ப எல்லாம் யோசிச்சுத்தான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க.

— சமதரையில இது கை கட்டி நிக்கிற பிள்ளை மாதிரி. பாரமும் இல்ல. உனக்கு ஒண்ணும் ஆகாது.

— எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அதுதான் பயமா இருக்கு.

— தம்பி பிள்ளைங்க மொகத்த நெனச்சுக்கோ. ஏறு.

— ...கையக் குடுங்க.

— அப்படித்தான். நிமிந்து உக்காரு. ஹை, செவலை. மெதுவா.

— ஏங்க தோளக் குறுக்கிகிட்டு உக்காந்திருக்கீங்க?

— குளிருது.

— குளிரா? சட்டை முதுகோட ஒட்டியிருக்கு.

— கொஞ்சம் சிரிச்ச மாதிரி உக்காரு.

— எனக்கு அழுகைதான் வருது.

— அப்ப தூசி விழுந்த மாதிரி கண்ணத் தொடைச்சுக்கோ.

— பாவங்க இது. எவ்வளவு ஒழுங்கா போகுது பாருங்க. இப்படிப் போறத பாத்தா நானே வாங்கிடுவேன்.

— பேசாத.

— லாயத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் யாரோ நின்னு பாக்குறாங்க.

— பாக்கட்டும். பாக்கத்தானே சுத்துறோம்.

— உங்க தம்பி பொண்டாட்டி மட்டும் இப்ப நம்மள இப்படிப் பாத்தா?

— அவளுக்கும் சேத்துத்தான் சுத்துறேன். முடிஞ்சுது. கீழ எறங்கு, பாத்து.

— அழகு. அழகுன்னா அழகு. சக்கரச் சத்தத்தத் தவிர வேற சத்தம் இல்ல. போதும் வண்டிக்காரரே, நான் நம்பிட்டேன். அந்தம்மா உக்காந்த விதத்தப் பாத்தேன், பெட்டியில வச்ச பொம்மை மாதிரி. குதிரையப் பத்தி மறுகேள்வி இல்ல. குடும்பத்தப் பத்தி ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க.

— பிள்ளைங்க எத்தனை?

— இல்லங்க.

— ஒரு பொண்ணு.

— இல்லன்னு சொன்னேன்ல.

— அவரு தலை முழுகிட்டாருங்க. கல் ஒடைக்கிறவனக் கட்டிகிட்டான்னு. நான் முழுகல. ஒரு கொழந்த பொறந்திருக்குன்னு காதுல விழுந்துச்சு. ஆணா பொண்ணான்னு கேக்கக்கூட வழியில்ல.

— நம்ம வீட்டுக் கதைய லாயத்துல எதுக்கு அவுத்து விடுற?

— விடுங்க வண்டிக்காரரே, குதிரைங்க வெளியில சொல்லாது. இந்தக் கெழவனுக்கும் ஒரு பையன் இருக்கான், பேசி எட்டு வருஷம் ஆகுது. எதுக்குச் சண்டைன்னு ரெண்டு பேருக்குமே மறந்து போச்சு. சரி, கயித்தக் குடுங்க. இது இப்ப என் குதிரை, சாம்பல் உங்க குதிரை. மேல போட்டுக் குடுக்க வேண்டிய பணத்த அறுவடை வேலை முடிஞ்சதும் குடுத்தா போதும்.

— ஒண்ணு கேக்கலாங்களா?

— கேளுங்கம்மா.

— செவலைய யாருக்குக் குடுப்பீங்க?

— செங்கச் சூளைக்காரர் ஒருத்தர் சொல்லி வச்சிருக்காரு. நாளைக்கு வருவாரு.

— அங்க எறக்கம் கிறக்கம் உண்டா?

— எறக்கமா? ஆத்தங்கரை நெலம்மா அது. ஒரு எலுமிச்சம்பழத்த வச்சா வச்ச எடத்துலயே காஞ்சு போகும், உருளாது. எதுக்குக் கேக்குறீங்க?

— சும்மாதான்.

— சும்மா கேக்குற கேள்விய மூச்சப் புடிச்சுகிட்டுக் கேக்க மாட்டாங்களே.

— அவளுக்குக் குதிரை மேல பாசம் பெரியவரே. நல்ல எடத்துக்குப் போகணும்னு.

— அதுவும் நல்லதுதான். நீங்க சாம்பலப் பூட்டி ரெண்டு மூணு சுத்து வந்து பழகுங்க. நான் செவலைய பின்கட்டுல விட்டுட்டு, அந்தக் கிராக்கியையும் பாத்துட்டு வர்றேன்.

— கேட்டியா? சூளை. சமவெளி. இப்பவாவது மனசு ஆறுச்சா?

— கேட்டேன்.

— வாரப் புடி. இப்படி இல்ல, வயித்துக்கு அடியில குடு. பாரு, எப்படி நிக்குது. இத வச்சு இனிமே பாலத்து எறக்கத்துல கண்ண மூடிகிட்டு எறங்கலாம். வா, ஏறி உக்காரு, வாசல் வரைக்கும் போய்ப் பாப்போம்.

— நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்.

— இதுலயும் ஏற மாட்டியா?

— இன்னைக்கு இனிமே எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன்.

— சரி நில்லு. ...பாத்தியா, திரும்புறப்போ சக்கரம் சுவத்துல ஒரசுச்சு, காத ஆட்டக்கூட இல்ல. ஏன் அப்படி மொறைக்கிற?

— சூளைக்காரன் எத்தனை நாளைக்கு அத வச்சிருப்பான்?

— அது அவன் பாடு.

— ஒரு நாள் அவனும் விப்பான். வாங்குறவன் எங்கருந்து வர்றான்னு கேப்பானா? அதுக்கு முன்னாலயே செங்கல்லு ஏத்திகிட்டு மேட்டுத்தெருவுக்குப் போகச் சொன்னா இவன் வண்டிக்காரன் போக மாட்டானா? ஏறினது எறங்கித்தானே ஆகணும்.

— நீ ஆரம்பிக்காத.

— நீங்க பொய் சொன்னீங்க. நான் வாயால ஒண்ணும் சொல்லல. ஆனா ஏறி உக்காந்தேன். நீங்க சொன்ன அத்தனை பொய்யும் சேந்தாலும் அந்தக் கெழவனுக்குச் சந்தேகம் இருந்துச்சுங்க. நான் உக்காந்ததப் பாத்துத்தான் நம்பினாரு. அப்ப யாரு பொய் பெரிசு?

— ரெண்டு வீட்டுப் பசிக்குத்தானே செஞ்சோம்?

— பசின்னு சொல்லி யாரு வீட்டுலயோ எழவ வைக்கலாமா? உங்க தம்பியத் தூக்கிட்டு வந்தப்ப அவன் பொண்டாட்டி எப்படிக் கத்தினான்னு உங்களுக்கு மறந்து போச்சா?

— மறக்கலடி. கண்ண மூடினா குளம்புச் சத்தம்தான் கேக்குது. தம்பி, கயித்த விடாதடான்னு நான் கத்துறேன், அவன் திரும்பிக்கூடப் பாக்கல. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. நான் மட்டும் என்ன கல்லா?

— அப்ப சொல்லிடுவோங்க. சூளைக்காரர்கிட்டயாவது எறக்கத்துக்குக் கொண்டு போகாதீங்கன்னு சொல்லச் சொல்லுவோம். சாம்பலத் திருப்பிக் கேட்டா குடுத்துட்டு நடந்தே போவோம்.

— ...நானே சொல்றேன். நீ சொல்ல வேணாம். நான் சொன்ன பொய், நானே எடுக்குறேன்.

— மழை தூற ஆரம்பிச்சிடுச்சு. எங்க போயிட்டாரு?

— அதோ வர்றாரு.

— என்ன வண்டிக்காரரே, நம்ம பசு மாடு எப்படி? பழகிடுச்சா?

— பெரியவரே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நல்ல சேதி, கேட்டா அந்தம்மா மொகத்துல ரத்தம் ஊறும். சொல்லாதீங்கன்னு என்கிட்டச் சொல்லியிருக்கு, ஆனா என் வாயில எது நிக்கும்? சரி, முதல்ல நீங்க.

— செவலைய எறக்கத்துல விடக் கூடாது.

— என்ன?

— வண்டி பின்னால லேசா முட்டினாப் போதும், வெறி புடிச்ச மாதிரி ஓடும். கடிவாளத்த எவ்வளவு இழுத்தாலும் நிக்காது. அந்தத் தழும்பு வேலி கிழிச்சது இல்லங்க. எங்க வண்டிதான் ஏறுச்சு.

— தம்பி?

— அன்னைக்கு மழையே இல்ல. ரோடு காஞ்சுதான் கெடந்துச்சு.

— நீங்க இந்தம்மாவ ஏத்திகிட்டுச் சுத்துனீங்களேய்யா.

— ஆமாங்க. சமதரைன்னு தெரிஞ்சுதான் சுத்தினேன்.

— நானும் தெரிஞ்சுதாங்க உக்காந்தேன். எங்கள என்ன வேணா திட்டுங்க. சாம்பல அவுத்துக் குடுத்துடுறோம், செவலையத் திருப்பிக் குடுங்க. தோல்காரனுக்கே போகட்டும்.

— திருப்பிக் குடுக்கவா?

— பின்கட்டுலதானே கட்டியிருக்கீங்க? சூளைக்காரர் நாளைக்குத்தானே வருவாருன்னு சொன்னீங்க?

— சூளைக்காரருக்குக் குடுக்கலம்மா. பின்கட்டுல நின்ன கிராக்கிக்குக் குடுத்துட்டேன். கொண்டு வந்த குதிரை நொண்டிப் போச்சு, அத விட்டுட்டு இத அந்த வண்டியில பூட்டிகிட்டு, நீங்க இங்க சாம்பலோட சுத்திகிட்டிருக்கும்போதே பின்வாசல் வழியா கெளம்பியாச்சு.

— எந்தப் பக்கம்?

— மலைப்பாதை. ஏறி, அந்தப் பக்கம் எறங்கணும்.

— எறங்கணுமா?

— வண்டி பூட்டித்தான் இருக்கு, நான் போறேன். ஏத்தத்துலயே புடிச்சிடலாம். ஆளு யாருங்க, எப்படி இருப்பாரு? என்னன்னு கூப்பிட்டுக் கத்துறது? சொல்லுங்க பெரியவரே, நிக்காதீங்க.

— கைக்கொழந்தையோட வந்த பொண்ணுய்யா அது. நீங்க உள்ள வந்ததுமே கம்பிக்குப் பின்னால ஒதுங்கிகிச்சு, நான் இங்க இருக்கேன்னு அவங்ககிட்டச் சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்புட்டுச்சு. செவலைய பல்லப் பாரும்மா, கால பாரும்மான்னு நான் எவ்வளவோ சொன்னேன், அது கழுத்தக் கட்டிகிட்டு அழுதுட்டு, எங்கம்மாவ ஏத்தி வச்சு எங்கப்பாவே ஓட்டுறாரு, இதுக்கு மேல நான் என்னங்க பாக்கணும்னு சொல்லிட்டு, கொழந்தைய மடியில போட்டுகிட்டு ஓட்டிட்டுப் போயிடுச்சு.